காசி மன்னர் வெட்டுவித்த ஆங்கிலக் கிணறு

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர் வட்டாரத்தில், சில்டர்ன் குன்றுகளின் மேல் அமைந்த ஸ்டோக் ரோ என்னும் சிற்றூரில், வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் குவிமாடத்தின் கீழ், பொன்னிற யானை ஒன்று நிற்க, 1864இல் திறக்கப்பட்ட கிணறு ஒன்று இன்றும் காக்கப்பட்டு வருகிறது. இதைத் தம் செலவில் வெட்டுவித்தவர் காசி மன்னர் ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்.

மழைக்குக் குறைவில்லாத நாட்டில் இவ்வூர் தண்ணீருக்குத் தவித்ததன் காரணம் நிலத்தடியில் இருக்கிறது. இக்குன்றுகள் சாக்குப் பாறையால், அதாவது நுண்துளைகள் மலிந்த மென்மையான சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. பெய்யும் மழை அதனூடே கசிந்து மிக ஆழத்துக்குச் சென்றுவிடுவதால், உச்சியில் வாழ்ந்தவர்கள் சேமித்த மழைநீரையும் களிமண் குழிகளில் தேங்கிய கலங்கல் நீரையுமே நம்பியிருந்தனர். அருகிலுள்ள இப்ஸ்டனில் வளர்ந்து, பின்னாளில் வட இந்தியாவில் உயர் பதவி வகித்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட், 1831இல் ஆசம்கர் மக்களுக்காகக் கிணறு வெட்ட உதவியவர். தம் ஊர்ப்புறத்தின் நீர்ப்பஞ்சத்தை அவர் சொல்லக் கேட்டிருந்த மன்னர், இங்கிலாந்துக்குக் கொடை வழங்க விரும்பியபோது அதை மறவாமல் நினைவுகூர்ந்தார்.

1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற மன்னரின் இக்கொடையில் அரசியல் விசுவாசமும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அரண்மனைக்கு அணிகலன் அனுப்பி அமையாமல், தாம் கண்டிராத ஏழை உழவர்களின் தாகத்தைக் கருதியதில்தான் அவருடைய பெருமை விளங்குகிறது.

1863இல் தொடங்கிய பணி முழுவதும் மனிதக் கைகளாலேயே நடந்தது. நான்கடி மட்டுமே அகலமுள்ள குழிக்குள் இறங்கி, பாறையை வெட்டி, வெட்டியதை மேலே அனுப்பியபடி தொழிலாளர்கள் 368 அடி ஆழம் சென்றனர். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் உயரமே 365 அடிதான் என்பதை எண்ணும்போது அவ்வுழைப்பின் கடுமை புலப்படும். குவிமாடத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத இந்த ஆழமே இங்குள்ள பெரிய அதிசயம். நீர் இறைக்கும் இரும்புச் சாதனத்தை வாலிங்ஃபோர்டைச் சேர்ந்த வைல்டர் நிறுவனம் செய்தளித்தது.

அருகில் காவலருக்கான எண்கோண வீடும் மீன் வடிவக் குளமும் உண்டு. மன்னரின் பெயரால் ‘ஈஸ்ரீ பாக்’ எனப்பட்ட செர்ரித் தோட்டமும் அங்கேயே அமைக்கப்பட்டது. அதன் பழங்களை விற்று வரும் பணம் கிணற்றின் பராமரிப்புக்கு உதவும் என்றும், ஊர்மக்கள் தண்ணீருக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது.