மீன் தீவனத்தில் புரோபயாட்டிக்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?



பட்டாசு வேலை குறையும் மாதங்களில் கைகொடுக்குமென்று பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கும் நம் குடும்பங்கள், புரோபயாட்டிக் தூள் வாங்கலாமா என்று எங்களிடம் கேட்கிறார்கள்.

வாங்கலாம், ஆனால் அது மருந்தல்ல. தயிரில் உள்ளவை போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களே அதில் இருக்கின்றன. லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் வகைகள் மீனின் குடலில் இடம்பிடித்து, ஏரோமோனாஸ் போன்ற நோய்க்கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன. தீவனம் செரிக்கவும் உதவுகின்றன. ஆகவே நோய் வருமுன் கொடுப்பதே பலன் தரும்.

பொட்டலத்தில் சொன்ன அளவை ஆறிய கஞ்சியில் கரைத்து, தீவனத்தில் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றே போடுங்கள். சூடும் வெயிலும் பல வகை நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவித்தால் அது ஆக்சிஜன் குறைவு. இந்தத் தூள் அப்போது உதவாது. தீவனத்தை நிறுத்திப் புதுநீர் விடுங்கள்.

மீன் உடலில் புண் கண்டால் நீங்களாக ஆன்டிபயாட்டிக் போடாதீர்கள். அது நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மருந்துகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. அவற்றின் எச்சம் மீன் உண்பவர் உடலில் சேரும். உடனே மீன்வளத் துறை அலுவலரிடம் காட்டுங்கள்.

நாம் விற்கும் மீன் பிறர் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது. அது நம்மிடம் உள்ள அமானிதம்.