ட்ரோன் பறந்தாலும் வயலில் இறங்கத்தான் வேண்டும்

சென்ற ஆண்டு தாளடிப் பயிர் தொண்டைக்கதிர் பருவத்தில் இருந்தபோது, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். "சார், ட்ரோன்ல ரெண்டு தடவை மருந்து அடிச்சாச்சு. அப்பவும் வட்ட வட்டமா காயுது. என்னன்னே தெரியல" என்றார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். வரப்பில் நின்று பார்த்தால் பாதி வயல் பச்சையாகத்தான் தெரிந்தது. உள்ளே இறங்கி, ஒரு குத்தை விலக்கித் தட்டியதும் பழுப்பு நிறப் பூச்சிகள் தண்ணீரில் கொத்தாக உதிர்ந்தன. புகையான். ட்ரோன் தெளித்த மருந்து மேல் இலைகளில் படிந்திருந்தது. பூச்சியோ தண்ணீருக்குச் சற்று மேலே, தூரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சிக் கொண்டிருந்தது.

இதில் என் தவறும் உண்டு. இரண்டு வாரம் முன்பு அவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஓரிடத்தில் பயிர் லேசாக மஞ்சளித்திருந்தது. தழைச்சத்துக் குறைபாடாக இருக்கும் என்று எண்ணி, மேலுரம் போடச் சொன்னேன். நேரில் போகவில்லை, தூரை விலக்கிப் பார்த்தீர்களா என்று கேட்கவும் இல்லை. தழைச்சத்து கூடினால் புகையான் பெருகும் என்பது நான் மேடைதோறும் சொல்லும் பாடம். அந்தப் பாடத்தை என் யோசனையே மீறியது.

அவருடையது ஆறு மா குத்தகை நிலம். ஒன்றரை மா கருகியது. குத்தகை நெல்லை அளந்த பிறகு வீட்டுக்கு மிஞ்சியது மிகக் குறைவு. "எங்கப்பா தினம் காலையில வயல்ல இறங்காம வரமாட்டாரு சார். நான்தான் வரப்போட நின்னுட்டேன்" என்றார். நான் வரப்புக்குக்கூட வராமல் போன் திரையோடு நின்றுவிட்டேனே என்று அவரிடம் சொன்னேன்.

குறை ட்ரோனிடம் இல்லை

ட்ரோன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டிய வேலையை அது சுமார் 10 லிட்டரில், பத்து நிமிடத்தில் முடிக்கிறது. மருந்து உடம்பில் படுவதும் குறைகிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் நுண்ணூட்டத் தெளிப்புக்கும் நன்றாகவே உதவுகிறது. ஆனால் நெருங்கி வளர்ந்த பயிரின் அடித்தூரை நனைப்பது அதற்குக் கடினம். எங்கே, எப்போது, எதற்காகப் பறக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

அறுபது ஆண்டுப் பாடம்

1966-ல் ஐ.ஆர்.8 வந்தது. குட்டை ரகம், கூடுதல் யூரியா, கூடுதல் மகசூல். நெருங்கிய நடவும், தேங்கிய தண்ணீரும், அதிகத் தழைச்சத்தும், இஷ்டத்துக்கு அடித்த மருந்தும் சேர்ந்து, அதுவரை சிறு பூச்சியாக இருந்த புகையானை ஆசியா முழுவதும் பெரும் பூச்சியாக்கின. 1973-ல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 ரகம் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் தாக்கும் புகையான் இனம் உருவாகிவிட்டது.

இந்தோனேசியாவில் அரசே மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தைப் பரப்பியது. மருந்து கூடக் கூட, புகையானைத் தின்னும் சிலந்திகள் அழிந்தன, புகையான் பெருகியது. கடைசியில் 1986-ல், நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளுக்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. 1989 முதல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. விவசாயிகள் வாரம் ஒருமுறை கூட்டமாக வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, தாளில் வரைந்து, பேசி முடிவெடுத்தார்கள். இந்தப் பள்ளி பிறகு பல நாடுகளுக்கும் பரவி, நம் ஊருக்கும் வந்தது.

ரகம் மாறியது, மருந்து மாறியது, தெளிப்பான் மாறியது. தூரை விலக்கிப் பார்க்கும் வேலைக்கு மட்டும் இன்றுவரை மாற்று வரவில்லை.

எண்ணிப் பார்ப்பது எப்படி?

வாரம் ஒருமுறை, வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடந்து, ஆங்காங்கே 10 குத்துகளைப் பாருங்கள். குத்தை விலக்கி, அடித்தூரில் உள்ள பூச்சிகளை எண்ணுங்கள். தூர்களையும் சிலந்திகளையும் எண்ணுங்கள். 10 குத்துகளில் மொத்தம் 180 தூர்கள், 90 பூச்சிகள் என்றால் தூருக்கு அரைப் பூச்சிதான். மருந்து தேவையில்லை.

சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அந்தச் சிலந்தி உங்களிடம் கூலி வாங்காத ஆள். தேவையில்லாமல் மருந்தடித்து அதைக் கொல்லாதீர்கள்.

அளவைத் தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள். மருந்து அடிப்பதானால் தூர்ப்பகுதி நனையும்படி அடியுங்கள். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் புகையானை மேலும் பெருக்கும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டிருந்தால் வெளிச்சமும் காற்றும் தூருக்குப் போகும். உள்ளே இறங்கிப் பார்ப்பதும் எளிது.

பேட்டரி இல்லாத இரண்டு கருவிகள்

புகையானுக்குத் தீனி அதிகத் தழைச்சத்து. அதை அளக்க இலை வண்ண அட்டை போதும். நட்ட 14-ம் நாளிலிருந்து முதல் பூ வரும்வரை, வாரம் ஒருமுறை காலை 8 முதல் 10 மணிக்குள், நோய் தாக்காத 10 பயிர்களில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது அளவு. பத்தில் ஆறு இலைகள் அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் இடுங்கள். சம்பா, தாளடிக்கு ஒரு தடவைக்கு ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா போதும். பக்கத்து வயலில் போட்டார்கள் என்பதற்காகப் போட வேண்டாம். நான் செய்ததுபோல் படத்தைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய். ஓர் அடி நீளக் குழாயில் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும், ஒரு வாரம் முன்னும் பின்னும், 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர் புகையானுக்குத்தான் வசதி.

ஒரு பழைய நோட்டு

இவற்றோடு ஒரு நோட்டு வையுங்கள். தேதி, பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, அட்டையில் என்ன நிறம், எந்த உரம் எவ்வளவு, தண்ணீர் எப்போது, மழை எப்போது. வாரம் ஐந்து வரி போதும். மூன்று ஆண்டுகள் எழுதினால், உங்கள் வயலில் எந்த மூலையில், எந்த மாதத்தில் புகையான் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். எந்தச் செயலியும் உங்களுக்குச் சொல்ல முடியாத செய்தி அது. செயலி மாறும், போன் மாறும். நோட்டு உங்கள் பிள்ளைகள் கைக்குப் போகும்.

புதிதாக ஒரு கருவியை வாங்கும் முன்போ வாடகைக்கு எடுக்கும் முன்போ மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பிரச்சினைக்காக இதை எடுக்கிறேன், அதை நானே வயலில் பார்த்தேனா? இது பழுதானால் அந்த வேலையைக் கையால் செய்யத் தெரியுமா? இது மிச்சப்படுத்தும் நேரத்தில் கொஞ்சமாவது வயலுக்குள் செலவிடுவேனா?

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் வந்தால் உடனே மருந்தோ உரமோ சொல்லாதீர்கள். "தூரை விலக்கிப் பார்த்தீங்களா, எத்தனை பூச்சி?" என்று முதலில் கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அன்று ட்ரோனை ஓட்டியது அந்த விவசாயியின் மகன்தான். முறையாகப் பயிற்சி பெற்ற பையன். இப்போதும் பக்கத்து ஊர்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். ஆனால் முதலில் வயலில் இறங்கி எண்ணிவிட்டுத்தான் பறக்க விடுகிறார். தேவையில்லை என்றால் அதையும் சொல்லிவிடுகிறார். வாடகை கொஞ்சம் குறைந்தது, கூப்பிடுகிறவர்கள் குறையவில்லை.

சென்ற வாரம் அவரிடமிருந்து மீண்டும் ஒரு படம் வந்தது. இந்த முறை நோட்டின் ஒரு பக்கம்: "10 குத்து, 170 தூர், 60 பூச்சி, 12 சிலந்தி. தண்ணி வடிச்சிருக்கோம். மருந்து அடிக்கல." ஐந்து நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள் தம்பி, அன்றைக்கு நானும் வந்து இறங்குகிறேன் என்று பதில் போட்டேன்.