பறவைகளின் போக்கும் வரவும்

நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, நெய்யாற்றை ஒட்டியுள்ளது அமரவிளை. அங்கு வாழும் தமிழ் நேயர்கள் பறவைகளின் இருவகைப் பயணங்களைக் காணலாம்.

கொக்குகள் விடியலில் இரை தேடி வயல்களுக்குச் செல்கின்றன. அந்தியில் தாம் அடையும் மரங்களுக்கு மீளுகின்றன. இஃது அன்றாடப் பயணம். தகைவிலானும் மஞ்சள் வாலாட்டியும் மேற்கொள்வது பருவப் பயணம். வடபுலக் குளிரில் பூச்சிகள் அருகிவிடுவதால், அவை புரட்டாசி, ஐப்பசியில் இங்கு வந்து, கோடையில் குஞ்சு பொரிக்க வடக்கே திரும்புகின்றன.

1933-இல் அறிஞர் சலீம் அலி திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய்ந்தார். 2015 முதல் 2020 வரை கேரளமெங்கும் பறவைகளைக் கணக்கெடுத்தவர்களோ தன்னார்வத் தொண்டர்கள்.

நீங்களும் முதல் வாலாட்டியைக் கண்ட நாளையும் இடத்தையும் ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். வயல் மண்ணிட்டு நிரப்பப்பட்டு, அப்பறவை வராதொழிந்தால், அக்குறிப்பே சான்று பகரும்.