மனை உள்ள வீடும் கூலி வீடும்

குடும்ப வருமானம் என்ற கணக்கில் கூலி, சம்பளம், கடை லாபம், விளைச்சல் வரவு, வீட்டு வாடகை, வட்டி, அரசின் உதவித்தொகை, வெளியூர்ப் பிள்ளை அனுப்பும் பணம் எல்லாம் சேரும். இவை ஓர் ஊரின் குடும்பங்களுக்குள் எப்படிப் பிரிந்து போகின்றன என்பதே வருமானப் பகிர்வு. வேகமாக வளரும் புறநகரில் சராசரியைக் கொண்டு அதை அளந்தால் கணக்கு தப்பும். பத்துக் கூலி வீடுகள் உள்ள தெருவில் சென்னையில் ஓய்வு பெற்ற ஒருவர் மாடி வீடு கட்டிக் குடியேறினாலே சராசரி ஏறிவிடும். அந்தப் பத்து வீட்டுக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது.

திருவண்ணாமலையைச் சுற்றி இன்று நடப்பது இதுதான். செங்கம் சாலை, வேட்டவலம் சாலை, வேங்கிக்கால், அத்தியந்தல், அடி அண்ணாமலை என எந்தப் பக்கம் போனாலும் மல்லாட்டையும் நெல்லும் விளைந்த நிலத்தில் மனைக்கல் நட்டிருக்கிறது. ஊர் வளர்ந்திருப்பதில் சந்தேகமில்லை. அந்த வளர்ச்சி எந்த வீட்டுக்கு வந்தது என்பதே கேள்வி.

இந்தியாவில் அரசுக் கணக்கெடுப்புகள் இதற்கு நேரடி விடை தந்ததில்லை. 1950-களிலும் 60-களிலும் தேசிய மாதிரி ஆய்வு வருமானத்தைக் கேட்டுப் பார்த்தது. மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வரும் தொகையைவிடக் குறைவாக இருந்ததால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதன் பிறகு பெரும்பாலும் செலவைத்தான் அளந்து வந்தார்கள். 2023-24 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவருக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,701 ரூபாய், நகரத்தில் 8,165 ரூபாய். புறநகர் இந்த இரண்டில் எதிலும் சரியாகப் பொருந்துவதில்லை. தவிர, செலவுக் கணக்கு ஏற்றத்தாழ்வைக் குறைத்தே காட்டும். ஏழை வீடு கடன் வாங்கியாவது செலவழிக்கிறது, வசதியான வீடு மிச்சம் பிடிக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் 1989-இல்தான் பிரிந்தது. அதற்கு முன் வட ஆற்காடாக இருந்தபோது, கிராமக் குடும்பங்களின் வரவை நாட்டிலேயே மிக நுணுக்கமாக ஆராய்ந்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று. 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். 1980-களில் பொருளியல் ஆய்வாளர்களான பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் அதைத் தொடர்ந்து 1991-இல் நூலாக்கினார்கள். விவசாயத்தில் கூடிய ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பகுதியின் மற்றத் தொழில்களில் இன்னும் 87 பைசா வருமானத்தை உண்டாக்கியது என்பது அவர்கள் கண்டது. பசுமைப் புரட்சி பணக்காரருக்கே போகும் என்ற அச்சத்துக்கு மாறாக, நிலமில்லாத குடும்பங்களின் வரவும் உயர்ந்தது. களை எடுப்பும் நடவும் அறுவடையும் கூலி ஆளில்லாமல் நடக்காது என்பதால் பணம் அந்த வீடுகளைத் தாண்டிப் போக முடியவில்லை.

மனையான நிலம் அப்படிப் பிரித்துக் கொடுப்பதில்லை. பத்திரம் பதிவாகும் நாளில் பணம் விற்றவருக்கும் தரகருக்கும் போகும். அதற்குப் பிறகு அந்த நிலத்தில் யாருக்கும் கூலி கிடையாது. வாங்கியவர் வெளியூரில் இருந்தால் வீடு கட்டும் வரை பல ஆண்டுகள் முள் மண்டிக் கிடக்கும். விற்றவருக்கும் அது வருமானமாக நிற்பதில்லை. ஒரு கல்யாணம், ஒரு கார், ஒரு மாடி வீடு என்று கரைந்துவிடுகிறது. தெருவோரம் கொஞ்சம் இடத்தை வைத்துக்கொண்டு அறைகள் கட்டியவர் மட்டுமே தப்புகிறார். கிரிவலப் பௌர்ணமிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் அறை வாடகை ஏறுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆசிரமங்களுக்கு வரும் வெளிநாட்டவர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். சில ஆண்டுகளாக ஆந்திரா, தெலங்கானா பக்தர்களும் நாள்தோறும் வருகிறார்கள். இந்த வரவெல்லாம் கட்டடம் வைத்திருப்பவருக்கே முதலில் போகிறது.

கட்டட வேலை பெருகியதால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி உயர்ந்திருக்கிறது என்று மனை வணிகர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அவர்களின் வீட்டு வாடகையும் உயர்ந்திருக்கிறது. சொந்த மனை இல்லாத குடும்பத்துக்கு ஒரு கையில் வந்த கூலி மறு கையில் அட்வான்ஸாகவும் வாடகையாகவும் போய்விடுகிறது. வருமானக் கணக்கில் கூலி உயர்ந்ததாகவே பதிவாகும். வாடகை எந்த அளவு தின்றது என்பது அதில் தெரியாது. விலை ஏற ஏற இந்தக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே தள்ளிப் போகின்றன, அல்லது மலைச்சரிவில் ஏறுகின்றன. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் புதைந்து இறந்தது அப்படிப்பட்ட அடிவாரக் குடியிருப்பில்தான். வருமானப் பகிர்வு பற்றிய எந்தப் புள்ளிவிவரமும் இந்த விலையைச் சேர்த்துக்கொள்வதில்லை.

இனி வரப்போகும் இழப்பு இதைவிட அமைதியானது. 2024-இல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது, சுற்றுப்புற ஊராட்சிகளை அதனுடன் சேர்க்கும் முடிவும் வந்தது. ஊராட்சி மாநகராட்சியில் சேர்ந்தால் நூறு நாள் வேலை நின்றுபோகும். அந்த வேலையைத் தந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப்புறக் குடும்பங்களுக்கு மட்டுமே. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த 125 நாள் சட்டமும் அப்படியே. 2025-26-இல் தமிழ்நாட்டுக்கான நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. நூறு நாளும் கிடைத்திருந்தால் ஆண்டுக்கு 33,600 ரூபாய். முழு நாளும் பெரும்பாலும் கிடைத்ததில்லை என்றாலும், கட்டட வேலைக்குப் போக முடியாத வயதான பெண்ணுக்கு இந்த நூறு நாள் ஏரி வேலையே கைப்பணம். 2023-இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை தொடர்ந்தாலும் அது கூலிக்கு ஈடாகாது.

இதே இணைப்பில் மனை உள்ளவருக்குக் குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் வரும், மனையின் விலையும் கூடும். வரி உயர்ந்தாலும் வாடகையில் அதை வாங்கிக்கொள்ள வழியுண்டு. ஆகவே எல்லைக்கோட்டை மாற்றும் ஒரே ஆணை ஒரு வீட்டுக்குச் சொத்தைக் கூட்டி, அடுத்த வீட்டின் வரவைக் குறைக்கிறது. ஓர் ஊராட்சியைச் சேர்க்கும் முன், அதில் சொந்த மனை இல்லாத வீடுகள் எத்தனை, ஏரி வேலையை நம்பியிருப்பவை எத்தனை என்று வீடு வீடாக எண்ணியாக வேண்டும். அந்த வீடுகளுக்கு மாற்று வேலை உறுதியாகும் வரை பழைய உரிமையைத் தொடரச் செய்வதே நியாயம். ஊராட்சிப் பதிவேடுகளில் வேலை அட்டை எண்களும் வீட்டு வரிக் கணக்கும் ஏற்கெனவே இருப்பதால், கணக்கெடுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.