பிள்ளை பராமரிப்பு வேலை: மாணவியிடம் என்ன சொல்வது?

"டீச்சர், எனக்குச் சின்னப் பிள்ளைங்கன்னா பிடிக்கும். என்ன படிக்கலாம்?" எஸ்பிஎம் முடித்த மாணவி இப்படிக் கேட்டால், "பாலர் பள்ளிக்குப் போம்மா" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மூன்று வழிகள் உண்டு.

தஸ்கா: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநலத் துறையில் பதிய வேண்டும். பராமரிப்பாளர்கள் 'காப்' என்னும் அடிப்படைப் பயிற்சி எடுக்க வேண்டும்.

தாடிக்கா: 4 முதல் 6 வயது வரை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் கல்வி அமைச்சில் பதிவு. இங்கே பாலர் கல்வி டிப்ளோமா கைகொடுக்கும்.

அரசாங்கப் பள்ளியின் பாலர் வகுப்பு: ஆசிரியர் கல்விக் கழகத்தில் பட்டப்படிப்பு முடித்து வரலாம்.

செராஸ் அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களுக்கும் இது பொருந்தும். கட்டணம் வாங்கி நான்கு குழந்தைகளைப் பார்த்தாலே அது தஸ்காதான், பதிவு தேவை. பத்துக்குக் குறைவு என்றால் 'வீட்டுத் தஸ்கா'வாகப் பதியலாம்.

சம்பளத்தையும் சொல்லுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்துக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள சின்ன மையங்களுக்கும் 2025 ஆகஸ்டு 1 முதல் இதுதான் சட்டம். "பழகுற வரைக்கும் எண்ணூறு" என்றால், முழுநேர வேலைக்கு மாணவி தலையாட்ட வேண்டியதில்லை.