மாற்றிய சிறுநீரகத்தில் மீண்டும் தோன்றும் பழைய நோய்

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதியன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், டாக்டர் ஜோசப் மரேயும் அவருடைய குழுவினரும் ரொனால்டு ஹெரிக் என்னும் இளைஞரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து, அவருடைய இரட்டைச் சகோதரரான ரிச்சர்டுக்குப் பொருத்தினர். நாட்பட்ட சிறுநீரக அழற்சியால் ரிச்சர்டு மரணத்தின் வாயிலில் நின்றிருந்தார். மனிதரிடையே செய்யப்பெற்று நீடித்த வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை இதுவே. இத்துறையில் ஆற்றிய பணிக்காக டாக்டர் மரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறர் உறுப்பைப் பொருத்தினால் உடல் அதனை அன்னியப் பொருளெனக் கருதித் தாக்குவது இயல்பு. ஆனால் ஹெரிக் சகோதரர்கள் ஒரே கருவிலிருந்து தோன்றி, உருவத்தில் ஒத்தவர்கள். ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தபோது அது உதிராமல் நிலைத்தது. எனவே சிறுநீரகமும் ஏற்கப்படும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். அவ்வாறே நிகழ்ந்தது. ரிச்சர்டு நலம் பெற்று, மணம் புரிந்து, இரு மகவுகளுக்குத் தந்தையானார். எனினும் எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1963இல் அவர் காலமானார். முன்பு அவருடைய சிறுநீரகங்களை அழித்த அதே நோய், சகோதரர் அளித்த சிறுநீரகத்திலும் தலைகாட்டியிருந்தது.

உடல் புறக்கணிக்காத உறுப்பு பின் எதனால் கெட்டது? இதனை அறிய, சிறுநீரகத்தின் அமைப்பைச் சற்று நோக்குவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்திலுள்ள கழிவை இவை பிரித்து, புரதத்தை வெளியே விடாமல் காக்கின்றன. பலவகை அழற்சி நோய்களில் கேட்டின் ஊற்று இவ்வடிகட்டிகளில் இல்லை. இரத்தத்தில் சுற்றிவரும் தவறான எதிர்ப்பொருள்களும் அவை போன்றவையுமே இவற்றைப் புண்படுத்துகின்றன. கிணற்று நீர் உவர்ப்பாயிருக்கையில் பாத்திரத்தை மட்டும் மாற்றினால், புதுப் பாத்திரத்திலும் உப்புப் படியத்தானே செய்யும்?

இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று 2012இல் வெளியாயிற்று. வடிகட்டிகளில் ஆங்காங்கே தழும்பேறும் நோய் கொண்ட ஒருவருக்கு, அவருடைய சகோதரி சிறுநீரகம் அளித்தார். சில நாட்களிலேயே அதிலும் நோய் தோன்றிப் புரதம் பெருவாரியாகச் சிறுநீரில் வெளியேறியது. அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவர்கள், பதினான்காம் நாள் அச்சிறுநீரகத்தை எடுத்து, நீரிழிவினால் சிறுநீரகம் இழந்த வேறொருவருக்குப் பொருத்தினர். அங்கே அது தேறி நன்கு இயங்கியது. குற்றம் சிறுநீரகத்தில் இல்லை என்பது ஐயமற விளங்கிற்று.

எல்லா நோய்களும் இவ்வாறு மீள்வதில்லை. பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் புதிய உறுப்பில் மீண்டும் தோன்றாது. அதன் குறை பழைய சிறுநீரகத்தின் உயிரணுக்களிலேயே இருந்தது. மேற்கூறிய தழும்பு நோயோ, பரம்பரைக் காரணமின்றித் தோன்றியதாயின், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, சில வேளைகளில் ஓரிரு நாட்களிலேயே, மீள்கிறது. ஐ.ஜி.ஏ. வகை அழற்சி பல ஆண்டுகள் கழித்து மெல்லத் தோன்றும். கல்லீரல் ஆக்சலேட் உப்பை மிகுதியாக உண்டாக்கும் பிறவி நோயில், மூலத்தைக் கவனியாமல் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் அதுவும் கெடும். ஆகவே மாற்று சிகிச்சைக்கு முன்பே, முதல் நோய் இன்னதென்று அறிந்துகொள்வது இன்றியமையாதது.

நோய் மீண்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. இரத்தத்தின் நீர்ப் பகுதியை மாற்றுதல், இரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் குறைக்கும் மருந்துகள் முதலியவை பலருக்குப் பயனளிக்கின்றன. ஆனால் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும். தொடக்கத்தில் நோயாளிக்கு வலியோ சோர்வோ தெரியாதிருக்கலாம். சிறுநீர்ச் சோதனையே முதலில் காட்டிக் கொடுக்கும்.

இங்குதான் களப் பணியாளர்களின் தொண்டு தேவைப்படுகிறது. மாற்று சிகிச்சை பெற்றவர், "உடம்பு நன்றாயிருக்கிறதே" என்று மருந்தை நிறுத்தவோ சோதனைக்குச் செல்லாதிருக்கவோ கூடாது என்பதை எடுத்துரைக்க வேண்டும். சிறுநீர் நுரைத்தல், அதில் இரத்தம் காணுதல், முகமும் காலும் வீங்குதல், இரத்த அழுத்தம் உயர்தல் ஆகியவற்றைக் கண்டால், சிகிச்சை அளித்த மருத்துவமனைக்குத் தாமதமின்றி அனுப்புதல் வேண்டும்.

இன்னுமொரு கடமையும் உண்டு. பொருத்திய சிறுநீரகம் கெட்டுவிட்டால், கொடுத்த தாயையோ சகோதரியையோ சுற்றத்தார் பழிப்பதுண்டு. கொடுத்தவரும் தம் உறுப்பே பழுதானது என்று எண்ணி மனம் குமைவதுண்டு. சிகாகோவில் பெறப்பட்ட சான்றை ஆசிரியர்களும் பணியாளர்களும் இத்தகைய வீடுகளில் எளிய சொற்களில் விளக்கினால், அப்பழி நீங்கும். கொடுத்தது நல்ல சிறுநீரகமே. அதனைக் காப்பதற்கு இரத்தத்திலுள்ள நோயையும் கவனிக்க வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.