தொட்டிற் குழந்தையின் மூளையும் வருங்கால அறிவும்

பெங்களூருக்குக் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், 1882ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியர்களுக்கென ஏற்பட்ட சிறு குடியிருப்பாகும். இன்று அது கணினித் தொழிலகங்களும் அடுக்குமாடிக் கட்டடங்களும் நிறைந்து விளங்குகின்றது. அக்கட்டடங்களை எழுப்புவோரிலும், அவற்றினுள் அமர்ந்து பணிபுரிவோரிலும் நம் தமிழர் பலர் உளர். சொந்த ஊரில் பாட்டி, அத்தை, சித்தி என்று மடி மாறி வளரும் குழந்தைக்கு, அங்கே தாயும் தந்தையுமே சுற்றம். இருவரும் வேலைக்குச் செல்லுங்கால் அக்குழந்தையோடு பேசுவார் யார்? இவ்வினா எத்துணை முக்கியமானது என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் நமக்கு உணர்த்துகின்றன.

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருக்கும். இரண்டு வயதிற்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகின்றது. இவ்வளர்ச்சியின்போது மூளை இயங்கும் விதத்தைக் குழந்தைக்குத் துன்பமின்றி அறிய இரு முறைகள் பயன்படுகின்றன. ஒன்று, மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்தே பதிவு செய்வது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். மற்றொன்று, குல்லாய் போன்ற கருவியிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் தலையினுள் செலுத்துவது. மூளையில் உழைக்கும் பகுதிக்குப் பிராணவாயு மிகுந்த இரத்தம் பாய்கின்றது. பிராணவாயு மிகுந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், திரும்பி வரும் ஒளியைக் கொண்டு அப்பகுதியைக் கண்டறியலாம்.

இம்முறையில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த சிவகட் என்னும் கிராமப் பகுதியில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்து, அதன் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. நான்கு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள 42 குழந்தைகளின் முன் வண்ணச் சதுரங்கள் இருபுறமும் தோன்றி மறைந்தன. ஒருபுறத்தில் ஒரு சதுரத்தின் வண்ணம் ஒவ்வொரு முறையும் மாறும். மறுபுறத்தில் மாறுதல் இராது. முன்பு கண்டதை நினைவில் நிறுத்தும் குழந்தை, மாறும் பக்கத்தையே மிகுதியாக நோக்கும். வருவாயும் தாயின் கல்வியும் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளிடம் மூளையின் இடது முன்பகுதி இயக்கம் வலுக்குறைந்து காணப்பட்டது. கவனத்தைக் கலைப்பனவற்றை விலக்கும் திறனும் குறைந்திருந்தது.

இதனை ஏழைக் குழந்தையின் தலையெழுத்து என்று கொள்ளலாகாது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், விடுதிகளில் விடப்பட்ட 136 குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஏறத்தாழப் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். இரண்டு வயதிற்கு முன் அவ்வாறு சேர்ந்தவர்களின் மின்னலைகள், எட்டாம் வயதில், விடுதியே அறியாத குழந்தைகளின் மின்னலைகளை ஒத்திருந்தன. ஆகவே மூளையின் இயக்கம் குழந்தையின் பிறவிக் குணத்தை மட்டும் காட்டுவதன்று. அதற்குக் கிடைக்கும் அரவணைப்பையும் காட்டுகின்றது.

அவ்வரவணைப்பில் பேச்சுக்குத் தனி இடம் உண்டு. இத்தாலியின் திரியெஸ்தே நகரில், பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களுக்கு ஒரு பேச்சை நேராகவும், பின்னிருந்து முன்னாகவும் ஒலிக்கச் செய்து ஆராய்ந்தனர். நேரான பேச்சைக் கேட்டபோது மூளையின் இடப்பக்கம் மிகுதியாக இயங்கியதென 2003இல் அறிவித்தனர். பேச்சறியாச் சிசுவிடம் பேசுவது வீணன்று என்பது இதனால் தெளிவாகும்.

எனவே வெளிமாநிலத்தில் வாழும் நாம், வேலை முடிந்து திரும்பியதும் குழந்தையோடு சிறிது நேரமேனும் தமிழில் பேசிக் கொஞ்சுவோமாக. பகலில் அதனைக் காப்போரையும் பேசச் சொல்வோமாக. கட்டட வேலையிடங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரிந்தால் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டுமென 1996ஆம் ஆண்டிலேயே சட்டம் விதித்தது. அத்தகைய இடத்தைக் கேட்டுப் பெறுவதும், அருகிலுள்ள அங்கன்வாடியை நாடுவதும் நம் கடமையாகும். குழந்தைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மீண்டும் வாரா.